ஊசி வரையும் மேசையிலேயே உறையும் வரட்டும்

சிறுநீரகத்திலிருந்து துளித் திசு எடுக்கும் ஊசி ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 16 கேஜ் தடிப்புள்ள எஃகுக் குழல், 160 மி.மீ. நீளம், பின்னால் சுருள்வில் அடங்கிய பிளாஸ்டிக் கைப்பிடி. எல்லாம் சேர்த்து 290 மி.மீ. வரும். ஒருதடவை பாவித்துவிட்டு வீசுவது. பதவிய, பதவி சிறிபுர பக்கத்தில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பலரைப் பீடித்திருப்பதால், திருகோணமலை வாசகருக்கு இது கேள்விப்படாத கருவியல்ல.

இப்படி ஒன்றை உருவாக்குகிறவர்களின் கவனமெல்லாம் முனையின் வெட்டுக் கோணத்திலும் வில்லின் விசையிலும் கைப்பிடியின் பிடிமானத்திலும் இருக்கும். எல்லாம் சரிவந்த பிறகு, “இனி ஒரு பையில் போட்டு ஸ்டெரைல் பண்ணினால் சரி” என்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கைப்பிடிக்குள் இருக்கும் நழுவு பாகத்தை அசெட்டல் பிளாஸ்டிக்கில் செய்திருந்தால் காமாக் கதிர் அதை நொறுங்கப் பண்ணும். ஊசியின் மூடி இறுக்கமாக இருந்தால் கிருமியைக் கொல்லும் எத்திலீன் ஒக்சைட் வாயு குழலுக்குள் போகாது. முனை மூடப்படாவிட்டால் பை துளைபடும். ஐந்து வருடக் காலாவதித் திகதி போட ஆசைப்பட்டால் அதற்கான பரிசோதனைக்கே ஒரு வருடத்தின் பெரும்பகுதி போய்விடும். இந்த நான்கும் முதல் மாத வரைபடத்திலேயே தீர்மானமாகிவிடுகிற விடயங்கள். கடைசி மாதத்தில் அவற்றைத் திருத்துவதென்றால் வார்ப்பு அச்சையே மாற்ற வேண்டிவரும்.

உறை என்று பொதுவாகச் சொன்னாலும் ஐஎஸ்ஓ 11607 தரநியமம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. கிருமி உள்ளே வராமல் தடுத்து, திறக்கும் நொடிவரை பொருளைக் கிருமியற்றதாக வைத்திருப்பது தடுப்புறை. அந்தத் தடுப்புறையை அடி, நெரிசல், ஈரம் ஆகியவற்றிலிருந்து காப்பது வெளிக்காப்பு, அதாவது மட்டைப் பெட்டியும் அதற்கு மேலுள்ள கார்ட்டனும். தரநியமத்தின் முதற்பகுதி பொருட்களையும் வடிவமைப்பையும் பற்றியது. இரண்டாம் பகுதி சீல் போடுதல், உருவாக்குதல் போன்ற செயல்முறைகளை நிரூபிப்பது பற்றியது. இப்போது பாவனையிலுள்ளது 2019ஆம் ஆண்டுப் பதிப்பு. பொருளும் தடுப்புறையும் சேர்ந்துதான் ஒரு மருத்துவ உற்பத்தி என்பதே அதன் அடிப்படை நிலைப்பாடு. உறை கிழிந்த ஊசி, எவ்வளவு கூராக இருந்தாலும், குப்பைக்குரியதுதான்.

கிருமிநீக்கம் முதலில் தெரிவாக வேண்டும்

உறையின் பொருளைத் தீர்மானிப்பது அநேகமாகக் கிருமிநீக்க முறைதான். ஆகவே அதைப் பிற்போட முடியாது.

நீராவி 121 அல்லது 134 பாகை செல்சியஸில் வேலை செய்யும். உறையாகப் பயன்படும், பெட்ஜி என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தெடுத்த தட்டு ஏறத்தாழ 80 பாகையிலேயே இளகத் தொடங்கிவிடும் என்பதால் அது இங்கே சரிவராது. வில் பொருத்திய பிளாஸ்டிக் கைப்பிடிக்கும் நீராவி நல்லதல்ல. நம் ஊசிக்கு எஞ்சுவது இரண்டு வழிகள்: காமாக் கதிரும் எத்திலீன் ஒக்சைட் வாயுவும்.

காமா முறையில் வழக்கமான கதிர் அளவு 25 கிலோகிரே (கிரே என்பது பொருள் உள்வாங்கும் கதிரின் அலகு). இலங்கை அணுசக்திச் சபையின் காமா மையம் பியகமவில் இருப்பதால் இது உள்நாட்டிலேயே செய்யக்கூடியது. கதிர் எந்த உறையையும் ஊடுருவும். காற்று புகாத அலுமினியத் தாளும் தடையல்ல. ஆனால் பிளாஸ்டிக்கை அது விட்டுவைக்காது. அசெட்டலும் டெஃப்லோனும் பழுதாகிவிடும். கதிருக்கென்று தயாரிக்காத பொலிபுரோப்பிலீன் உடனே நன்றாகத் தெரிந்தாலும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நொறுங்கும். கதிர் ஏற்றிய மறுநாள் செய்த பரிசோதனையில் சித்தியடைந்த பாகம் ஒரு வருடத்துக்குப் பின் தாதியின் கையில் உடைவது இதனால்தான். இன்னொன்றும் பலருக்குத் தோன்றுவதில்லை: கார்ட்டனுக்குள் எத்தனை ஊசி, எந்த நெருக்கத்தில் அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்து நடுவிலும் ஓரத்திலும் கிடைக்கும் கதிரின் அளவு மாறும். கதிர் அளவீட்டைச் செய்து முடித்த பிறகு பெட்டிக்குப் பத்து ஊசியை இருபதாக்கினால் அந்த அளவீட்டைத் திரும்பச் செய்ய வேண்டும். விற்பனைப் பிரிவு “சின்ன மாற்றம்” என்று கேட்பது பெரும்பாலும் இந்த வகை.

எத்திலீன் ஒக்சைட் பிளாஸ்டிக்குக்கு இதமானது. பெரும்பாலும் 40 முதல் 60 பாகைக்குள் நடக்கும். அதற்கு வேண்டியது வழி: வாயுவும் ஈரப்பதனும் உள்ளே போக வேண்டும், பிறகு வாயு வெளியே வர வேண்டும். ஆகவே உறையின் ஒரு பக்கமாவது சுவாசிக்கும் பொருளாக இருக்க வேண்டும். டைவெக் அல்லது மருத்துவத் தரக் கடதாசி. டைவெக் என்பது பொலிஎத்திலீன் இழைகளால் ஆன தாள். தடித்த வகையான 1073பி சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 75 கிராம் வரும். கடதாசி மலிவு, ஆனால் நனைந்தால் பலமிழக்கும், முனை பட்டால் துளைபடும். 16 கேஜ் ஊசிக்குக் கடதாசியில் சிக்கனம் பார்ப்பது புத்தியல்ல.

இந்த முறையில் அறைக்குள் முதலில் வெற்றிடம் உருவாக்கப்படும். பைக்குள் இருக்கும் காற்று டைவெக் வழியாக வெளியேறப் போதிய பரப்பு இல்லையென்றால் பை ஊதிக்கொள்ளும். சீல் ஒரேயடியாக வெடிக்காவிட்டாலும் உட்பக்கத்திலிருந்து மில்லிமீற்றர் மில்லிமீற்றராகப் பிரிந்து போகும். வெளியே பார்த்தால் முழுதாக இருக்கும். அகலம் மட்டும் குறைந்திருக்கும். இதற்கு மிகச் சாதாரணமான காரணம் லேபிள். டைவெக் பக்கத்தில் பெரிய லேபிளை ஒட்டி வாயு போகும் நுண்துவாரங்களையெல்லாம் அடைத்துவிடுவார்கள். லேபிளைப் பையின் மறுபக்கமான பிளாஸ்டிக் ஃபிலிமுக்கு மாற்றுங்கள், அல்லது உறையின் அளவைத் தீர்மானிக்கும்போதே லேபிளின் அளவையும் தீர்மானியுங்கள். கிருமிநீக்கத்துக்குப் பின் எஞ்சும் வாயுவுக்கும் எல்லை உண்டு. 24 மணித்தியாலத்துக்குள் பாவனை முடியும் கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 10993-7 விதிப்பது 4 மில்லிகிராம். தடித்த கைப்பிடியும் அடைப்பான உறையும் வாயுவைப் பிடித்து வைத்திருந்தால் காற்றாட விடும் நாட்கள் கூடும். அது களஞ்சியத்தில் இடமாகவும் காசாகவும் வந்து நிற்கும்.

முனை, மூடி, அட்டை

ஊசி உறைக்குள் ஆடக்கூடாது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கைப்பிடியைக் கவ்விப் பிடிக்கும் பள்ளங்களோடு வார்த்த தட்டும் டைவெக் மூடியும். மற்றது, ஊசியைச் சொருகிய பொலிஎத்திலீன் அட்டையைத் தட்டையான பையில் போடுவது. தட்டு பாதுகாப்பானது, ஆனால் அச்சுச் செலவு உண்டு, கார்ட்டனில் இடமும் பிடிக்கும். வருடத்துக்குச் சில ஆயிரம் ஊசி மட்டுமே செய்யப்போகும் முயற்சிக்கு அட்டையும் பையும்தான் நியாயம் என்பது எங்கள் கருத்து.

அட்டையைக் கடதாசி மட்டையில் வெட்டாதீர்கள். வெட்டு விளிம்பிலிருந்து உதிரும் நார் நேரே ஊசியில் ஒட்டும். பொலிஎத்திலீனில் வெட்டி, மூலைகளை வளைவாக்குங்கள். கூரான மூலை ஒவ்வொன்றும் இன்னொரு ஊசிதான். முனைக்கு மெல்லிய குழாய் மூடி போடும்போது அதன் மறுமுனை திறந்திருக்க வேண்டும், உள்விட்டம் ஊசியை விடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமாக மூடினால் வாயு போகாது. தளர்வாக விட்டால் லொறி குலுக்கலில் கழன்று ஊசி பையைத் தேடிப் போகும். கைப்பிடியின் முன்பக்கத்தில் அரை மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு சிறு வளையம் வைத்து, மூடியை அதில் கௌவ விட்டால் இரண்டு தொல்லையும் தீரும். ஆனால் அந்த வளையம் கைப்பிடியின் அச்சில் இருக்க வேண்டும். அச்சு வெட்டிய பின் உறைக்காரர் வந்து கேட்டால் யாரும் வைத்துத் தரப்போவதில்லை.

பையின் அளவும் இங்கிருந்தே வருகிறது. பொருளுக்கும் சீலுக்கும் இடையே 30 மி.மீ. விடுவதும், பையின் கொள்ளளவில் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாமல் இருப்பதும் நடைமுறையில் பலர் பின்பற்றும் அளவுகள். 290 மி.மீ. நீள ஊசிக்கு உள்நீளம் 350 மி.மீ. ஆவது வேண்டும். கையிருப்பில் கிடைக்கும் தயார்ப் பைகளின் நீளத்தைப் பார்த்துவிட்டு, கைப்பிடியை 15 மி.மீ. குறைத்தால் சிறிய பைக்குள் அடங்குமா என்று கேட்பதற்கு ஏற்ற காலம் முதல் மாதம்.

எண்ணெயும் உப்பும் வெயிலும்

திருகோணமலையில் ஆனி, ஆடி மாதக் கச்சான் காலத்தில் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும். கார்த்திகை, மார்கழியில் வாடையோடு மழை கொட்டும், ஈரப்பதன் நாள் முழுக்க உயர்ந்தே இருக்கும். கடற்கரையோரத்தில் உப்புக் காற்று வேறு. குளிரூட்டிய மருந்துக் களஞ்சியத்தில் இருக்கும்வரை கவலையில்லை. கிராமத்து வைத்தியசாலையின் சிறு அறையில், சீற் கூரைக்குக் கீழே, அலுமாரியின் மேல்தட்டில் வைக்கப்படும் பெட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

டைவெக் கிருமியை நிறுத்தும், நீராவியை நிறுத்தாது. ஆகவே எஃகின் தரம் உறையோடு தொடர்புள்ள கேள்வியாகிவிடுகிறது. 304 எஃகு போதும் என்று கொழும்பிலோ ஐரோப்பாவிலோ எழுதப்பட்ட கோப்பு, கரையோரச் சூழலுக்குத் துருவைக் கூடுதலாகத் தாங்கும் 316 வேண்டுமா என்று மறுபடி பார்க்கப்பட வேண்டும். எந்திரத்தில் வெட்டியபோது ஒட்டிய எண்ணெயோ குளோரைட் மிச்சமோ கழுவப்படாமல் போனால், இரண்டு மாரி கழியும்முன் புள்ளித் துரு தெரியும். ஈரத்தைத் தாங்கவே முடியாத பொருளென்றால், உதாரணமாக உடலில் கரையும் தையல் நூல், அலுமினியத் தாளும் ஈரமுறிஞ்சிப் பொட்டலமும் வேண்டும். அலுமினியத்துக்குள் எத்திலீன் ஒக்சைட் போகாது. அப்போது டைவெக் பட்டி பொருத்திய பையில் வாயு ஏற்றி, காற்றாடவிட்டு, பிறகு பட்டிக்குக் கீழே அலுமினியத்தைச் சீல் பண்ணி பட்டியை வெட்டியெறிய வேண்டும். இரண்டு சீல், இரண்டு நிரூபணம், இரண்டு செலவு. இதைத் தவிர்க்க முடியுமா என்று பொருள் தெரிவின்போதே யோசிப்பது மலிவு.

காலாவதித் திகதிக்கு வருவோம். ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தரநியம அமைப்பின் எஃப்1980 முறையில் உறையைச் சூடான அறையில் வைத்து முதுமையடையச் செய்கிறார்கள். 10 பாகை உயர்ந்தால் முதுமை இரட்டிப்பாகும் என்பதே வழமையான எடுகோள். அறை 55 பாகை, சாதாரணக் களஞ்சியம் 25 பாகை என்றால் வித்தியாசம் 30; மூன்று தடவை இரட்டிப்பு, ஆகவே எட்டு மடங்கு வேகம். ஒரு வருடத்துக்கு 46 நாட்கள், ஐந்து வருடத்துக்கு 228 நாட்கள்.

இங்கேதான் நம் ஊர்க் கணக்கு வேறுபடுகிறது. குளிரூட்டாத களஞ்சியத்தை 25 பாகை என்று எழுதுவது நியாயமில்லை. 30 என்று வைத்தால் வேகம் 5.66 மடங்காகக் குறையும். ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 65 நாட்கள், ஐந்து வருடத்துக்கு 323 நாட்கள். அதாவது பத்தரை மாதங்கள், அதற்குப் பிறகுதான் சீல் பலமும் கசிவும் பார்க்க முடியும். அவசரத்துக்கு அறையைச் சூடாக்கலாமே என்றால், 60 பாகைக்கு மேல் போவதை அந்த முறையே ஊக்குவிப்பதில்லை. ஒட்டுப் பசை இளகும், உண்மையான பாவனையில் ஒருபோதும் நடக்காத கோளாறுகள் தோன்றும். நடைமுறை வழி: முதலில் இரண்டு வருடத் திகதியோடு பதிவுக்குப் போவது. 30 பாகைக் கணக்கில் 129 நாட்கள் போதும். அதே நாளில் சாதாரண வெப்பத்திலும் மாதிரிகளை வைத்துவிட வேண்டும். சூடாக்கிய சோதனை தற்காலிக ஆதாரம்தான், உண்மைக் காலச் சோதனை அதை உறுதிசெய்ய வேண்டும். அது வளர வளர திகதியை நீட்டிக்கலாம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை மருத்துவ உபகரணங்களையும் பதிவுசெய்கிறது. கிருமியற்ற பொருளுக்குக் கோப்புத் தயாரிக்கும்போது இந்த ஆதாரங்கள் கையில் இருக்க வேண்டும். நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணினால், உறை இறுதியாக வேண்டிய நாள் நினைப்பதை விட வெகு முன்னால் வந்து நிற்கும்.

சீல்

வெப்பம், அழுத்தம், நேரம். சீல் மெஷினில் திருகுவதற்கு இந்த மூன்றுதான். வெப்பம் குறைந்தால் ஒட்டியதுபோல் தெரிந்து விரலால் இழுத்ததும் வந்துவிடும். கூடினால் டைவெக் உருகிக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், திறக்கும்போது நார் கிழியும். பொலிஎத்திலீன் ஏறத்தாழ 135 பாகையில் உருகுவது என்பதால் கூடுதல் பக்கத்தில் இடைவெளி அதிகமில்லை. ஆகவே மெஷினை ஒரே புள்ளியில் வைத்துப் பார்க்காமல், கீழெல்லையிலும் மேலெல்லையிலும் சீல் பண்ணிப் பார்த்து, இரண்டிலும் சரிவரும் பகுதியின் நடுவைத் தெரிவுசெய்ய வேண்டும். பிறகு மூன்று தனித்தனி உற்பத்தி ஓட்டங்களில் அதே முடிவு வருகிறதா என்று பார்ப்பார்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் திரையிலுள்ள வெப்ப எண்ணை நம்பாமல், சீல் பண்ணும் தண்டவாளத்திலேயே வெப்பமானியை வைத்து அளப்பது அவசியம். மின்வெட்டுக்குப் பின் மெஷின் மறுபடி சூடாகும்வரை வந்த முதல் பைகளை ஒதுக்கிவிடுங்கள்.

பலத்தை அளக்கப் பையின் சீலிலிருந்து 15 மி.மீ. அகல நாடாக்களை வெட்டி இழுப்பார்கள். ஐரோப்பிய ஈஎன் 868-5 தரநியமம் தயார்ப் பைகளுக்குக் கேட்பது நீராவிக்கு 1.5 நியூட்டன், ஏனைய முறைகளுக்கு 1.2 நியூட்டன். பலம் மட்டும் போதாது; பலமான சீலுக்குள்ளும் ஒரு மடிப்பு கால்வாய்போல் ஓடலாம். அதற்கு நீலச் சாயத்தை உள்ளே விட்டு, சீல் வழியே ஊர்கிறதா என்று பார்க்கும் ஏஎஸ்டிஎம் எஃப்1929 முறை 50 மைக்ரோன் கால்வாயைக் காட்டிக்கொடுக்கும். பையை நீருக்குள் அமுக்கி ஊதிப் பார்க்கும் எஃப்2096 குமிழிச் சோதனை 250 மைக்ரோன் அளவில்தான் பிடிக்கும், ஆனால் சீல் மட்டுமன்றி முழுப் பையையும் பார்க்கும். நம் ஊசிக்கு இரண்டும் வேண்டும். சாயம் சீலுக்கு, குமிழி முனை போட்ட துளைக்கு.

ஏ6 வீதியும் அதற்குப் பிறகும்

கொழும்பு மருத்துவ வழங்கல் களஞ்சியத்திலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கி.மீ. அந்தப் பாதை இப்போது நல்ல பாதை. கவலைக்குரியது அதற்குப் பிறகு வருவது. மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளி, புல்மோட்டைக்குப் போகும் பெட்டி முழுக் கார்ட்டனாகப் போகாது. மாவட்டக் களஞ்சியத்தில் பிரித்து, தேவையான எண்ணிக்கையை வேறு பொருட்களோடு கலந்து அனுப்புவார்கள். சேலைன் பெட்டிக்கு அடியில் ஊசிப் பெட்டி போவது வழமையான காட்சி. ஆகவே பரிசோதனைக்கூடத்தில் முழுக் கார்ட்டனை மட்டும் குலுக்கி, விழுத்தி, நெரித்துச் சித்திபெறுவது பாதிப் பதில்தான். பத்து ஊசி அடங்கிய உட்பெட்டியையும் தனியாகச் சோதியுங்கள்.

மட்டைப் பெட்டியின் தாங்குபலம் ஈரப்பதனைப் பொறுத்தது. 50 வீத ஈரப்பதனில் அளந்த பலம் 90 வீதத்தில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மாரியில் நிலத்தில் வைத்து ஐந்தடுக்கு ஏற்றினால் அடிப்பெட்டி நசியும், அட்டை வளையும், முனை மூடியைத் தள்ளும். சோதனைக்கு முன் பெட்டிகளை வெப்பமும் ஈரமுமான அறையில் வைத்தெடுக்க வேண்டும் என்பது இதனால்தான். உலர்ந்த அறையிலிருந்து நேரே எடுத்துக் குலுக்கிய சோதனையை இங்கே நம்ப முடியாது.

திறக்கும் கை

2019 பதிப்பு புதிதாக அழுத்திச் சொன்ன ஒன்று: உறையைத் திறந்து, பொருளைத் தொடாமல், கிருமியற்ற விரிப்புக்கு மாற்ற முடிகிறதா என்பதை மதிப்பிட வேண்டும். கையுறை போட்ட தாதி, மங்கலான ஸ்கான் அறையில், ஒரு கையால் நோயாளியின் பக்கம் ஏதோ பிடித்தபடி இதைச் செய்வார். இரண்டு பெருவிரலும் பிடிக்கப் பையின் மேல்நுனியில் ஒட்டாத விளிம்பு தாராளமாக இருக்க வேண்டும். அது குறைந்தால் பல்லாலோ கத்தரிக்கோலாலோ திறக்கும் பழக்கம் வரும். உரிக்கும்போது கைப்பிடி முதலில் வெளிவர வேண்டும். தலைகீழாக வைத்தால் முனை கையைத் தேடிவரும். நிலைப்பாட்டை அட்டையின் வெட்டே தீர்மானிக்க வேண்டும், பொதிசெய்பவரின் ஞாபகத்தில் விடக்கூடாது. எங்கே உரிப்பது என்பதைச் சொற்களை விட அம்புக்குறி தெளிவாகச் சொல்லும். மூன்று மொழியில் எழுத அந்தச் சிறு விளிம்பில் இடமும் இல்லை. உள்ளூர்த் தாதியர் ஐந்தாறு பேரிடம் வெற்று மாதிரிகளைக் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதற்கு ஒரு பிற்பகல் போதும். இவ்வளவு மலிவான சோதனை இந்தத் துறையில் வேறில்லை, அதையும் பலர் செய்வதில்லை.

(மீளப் பாவிக்கும் கருவியென்றால் உறையிடுவது வைத்தியசாலையின் கிருமிநீக்கப் பிரிவு. அங்கே கேள்வி வேறு: தட்டு அவர்களுடைய ஓட்டோகிளேவ் அறைக்குள் அடங்குமா, முழுச் செற் 10 கிலோவுக்குள் நிற்குமா, குழலைக் கழுவ முடியுமா. இதையும் வரைபடத்தில்தான் தீர்க்க வேண்டும்.)

கடைசியாக, மாதிரிகளின் எண்ணிக்கை. 95 வீத நம்பிக்கையோடு 95 வீத நம்பகத்தன்மையைக் காட்ட, அதாவது நூற்றுக்கு 95 பையாவது சரியாக இருக்கும் என்று 95 வீத உறுதியோடு சொல்ல, ஒன்றுகூடப் பிழைக்காமல் 59 பைகள் சித்தியடைய வேண்டும். நம்பகத்தன்மை 90 வீதம் போதுமென்றால் 29. முதுமையாக்காதது, ஒரு வருடம், இரண்டு வருடம், போக்குவரத்துக்குப் பின் என்று நான்கு நிலைகள் வைத்து, ஒவ்வொன்றிலும் 59 எடுத்தால் 236. சாயச் சோதனைக்கு உட்படுத்திய பையை வேறு சோதனைக்கு எடுக்க முடியாது, ஆகவே தொகை இரட்டிப்பாகலாம். இத்தனை நல்ல ஊசியைப் பலிகொடுக்கத் தேவையில்லை. எடையும் வடிவமும் முனையும் சரியாக இருந்து, நிறமோ அச்செழுத்தோ பிழைத்த ஊசிகள் உறைச் சோதனைக்குப் போதும். முதல் அச்சோட்டத்தில் ஒதுக்கப்படும் ஊசிகளை வீசாமல், ஒதுக்கிய காரணத்தை எழுதி, ஒரு பெட்டியில் சேர்த்து வைக்கும்படி வார்ப்பு வேலை தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.